ராத்திரி இரண்டரை மணிக்கு மட்டும் தப்பாக ஓடிய ஸ்கிரிப்ட்

திங்கட்கிழமை காலை ஏழு மணிகூட ஆகவில்லை, அக்காவிடமிருந்து செய்தி: "தம்பி, இன்னைக்குப் புதுச்சொல் பட்டியல்ல 'அம்மா'ன்னு ஒரு சொல் வந்திருக்கு. இத்தனை நாளா நாம அம்மாவைச் சேர்க்கவே இல்லையா?"

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) போட்டு, அதிலிருந்து சொற்களைப் பிரித்து எழுத்துப்பிழை திருத்திக்கு ஒரு சொற்பட்டியல் தயாரிக்கிறோம். ஐந்தாறு பேர் சேர்ந்து சும்மா செய்கிற வேலை. அதில் சொல் சரியா தப்பா என்று கடைசியாகப் பார்த்துச் சொல்பவர் அக்கா, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. தினம் காலையில் அவருக்கு நாற்பது ஐம்பது புதுச் சொற்கள் போகும், அவர் காபி குடித்துக்கொண்டே டிக் அடிப்பார். அன்றைக்குப் போன பட்டியலில் 61 ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். பாவம், நானூறு சொல்வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறார்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வர், அதில் உபுண்டு 22.04 என்கிற லினக்ஸ் இயங்குதளம். ராத்திரி 2:30க்குக் கிரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கிற மென்பொருள், ஒரு பாஷ் ஸ்கிரிப்டை ஓட்டும். (பாஷ் என்பது ஒரு ஷெல், நாம் தட்டச்சு செய்கிற கட்டளைகளை வாங்கி ஓட்டுவது; ஸ்கிரிப்ட் என்பது அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு.) அது அன்றைக்கு வந்த உரைகளிலிருந்து சொற்களைப் பிரித்து, சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி, ஏற்கெனவே இருக்கிற மூலப் பட்டியலோடு காம் கட்டளையால் ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாத சொற்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதும். அவ்வளவுதான். காம் கட்டளை தெரியாதவர்களுக்கு: இரண்டு கோப்புகளை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் படித்து, எது இதில் மட்டும் இருக்கிறது, எது அதில் மட்டும் இருக்கிறது என்று சொல்லும். அதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு கோப்பும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு லட்சம் சொற்களை மெமரியில் ஏற்றாமல் நொடியில் முடித்துவிடும், அதனால் எனக்குப் பிடித்த கட்டளை.

இன்னொன்று. அக்கா டிக் அடித்த சொற்கள் முன்பெல்லாம் ராத்திரி ஸ்கிரிப்டின் தொடக்கத்தில்தான் மூலப் பட்டியலில் சேரும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல், அவை உடனுக்குடனே சேரட்டும் என்று ஒரு காவல்கார ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு அடைவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கோப்பு வந்தால் மூலத்தோடு கலந்து மறுபடி வரிசைப்படுத்தி வைக்கும். அதை, நாம் வெளியேறினாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் டிமக்ஸ் ஜன்னலில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். கெட்டிக்காரர்கள் இந்த இடத்திலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு ஐந்து நாள் ஆனது.

கையால் ஓட்டினால் சரி

எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து அதே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன். 38 சொற்கள். சரியான விடை. மறுபடி ஓட்டினேன், 38. எதையும் மாற்றவில்லை, ராத்திரி மட்டும் எப்படி 61 ஆயிரம்?

கிரானில் தப்பாகவும் கையில் சரியாகவும் ஓடுகிறது என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பாத் வேரியபிளைத்தான், கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பட்டியல் அது. நியாயமான சந்தேகம், நாம் லாகின் செய்யும்போது கிடைக்கிற நீளமான பாத் கிரானுக்குக் கிடைப்பதில்லை, பயனரின் கிரான் வேலைப் பட்டியலான கிரான்டாபில் வழக்கமாக யுஎஸ்ஆர் பின், பின் என்று இரண்டே அடைவுகள்தான். அதனால் எல்லாக் கட்டளைகளுக்கும் முழு முகவரி எழுதினேன். கட்டளை கிடைக்கவில்லை என்றால் எதுவுமே வராமல் போயிருக்குமே தவிர 61 ஆயிரம் வந்திருக்காது என்பது அப்போது தோன்றவில்லை. காலை நேரம், வேலைக்குக் கிளம்பும் அவசரம். பயனில்லாமல் ஒரு மணி நேரம் போனது.

அப்புறம் பிழைச் செய்தி ஏதாவது வந்ததா என்று பார்த்தேன். கிரான் வேலையில் வெளியே வருகிற எழுத்துகளை எல்லாம் கிரான் மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். எங்கள் சர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளே (எம்டிஏ) போடவில்லை. அப்படி இருந்தால் என்ன செய்யும் தெரியுமா, சிஸ்டம் பதிவேட்டில் "எம்டிஏ இல்லை, வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன்" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு உண்மையிலேயே தூக்கிப் போட்டுவிடும். அந்த வரி மட்டும் இருந்தது. என்ன பிழை என்பது குப்பையில். பிழை வெளியீட்டை ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், மூன்று வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

திருப்பத்தைக் கொடுத்தவர் கோயம்புத்தூர் நண்பர். மதியம் அவரிடம் சொன்னேன், "நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்க" என்று. அவரும் அதே சர்வர், அதே பயனர் கணக்கு, அதே ஸ்கிரிப்ட். (ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்க வேண்டும்தான். வைக்கவில்லை.) அவருக்குக் கையால் ஓட்டியும் 61 ஆயிரம் வந்தது. "உங்களுக்கு மட்டும் நல்லா ஓடுதுங்க, என்னைக் கண்டா ஆகாதுபோல" என்று சிரித்தார்.

அதாவது இது ராத்திரிப் பிரச்சினையே இல்லை. ஆளைப் பொறுத்து மாறுகிற பிரச்சினை. ஸ்கிரிப்டும் கோப்புகளும் ஒன்றே என்றால், மாறக்கூடியது ஸ்கிரிப்ட் கூடவே கொண்டுவந்த என்விரான்மென்ட், அதாவது ஓட்டியவரிடமிருந்து அதற்கு வந்த வேரியபிள்களின் தொகுப்பு மட்டும்தான்.

லேப்டாப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது

ஸ்கிரிப்டின் இரண்டாவது வரியில், அந்த வேரியபிள்களைக் காட்டும் என்வ் கட்டளையைப் போட்டு, அதன் வெளியீட்டை வரிசைப்படுத்தி ஒரு கோப்பில் எழுத வைத்தேன். நான் ஓட்டியபோது ஒரு கோப்பு, நண்பர் ஓட்டியபோது ஒன்று, இரண்டு நிமிடம் தள்ளி ஒரு தற்காலிகக் கிரான் வேலை போட்டு மூன்றாவது ஒன்று. மூன்றையும் டிஃப் செய்தால் நிறைய வித்தியாசம் தெரியும், பெரும்பாலும் சம்பந்தமில்லாதவை: டெர்மினல் வகை, எஸ்எஸ்எச் இணைப்பு விவரம் இப்படி. நடுவில் ஒரு வரி, லாங் வேரியபிள். லொகேலை, அதாவது எந்த மொழி, அதன் எழுத்து வரிசை மாதிரியான வழக்கங்கள் என்ன என்பதைக் குறிப்பது அது. எனக்குத் தமிழ் இந்தியா லொகேல். நண்பருக்கு அமெரிக்க ஆங்கில லொகேல். கிரானுக்கு சி.யுடிஎஃப்-8, எந்த மொழியையும் சேராத சி லொகேலின் ஒரு வகை.

நான் அந்தச் சர்வரில் லாங் வேரியபிளை ஒரு நாளும் தமிழாக வைத்ததில்லை. என் லேப்டாப்பில்தான் தமிழ். விஷயம் என்னவென்றால், உபுண்டுவிலும் டெபியனிலும் எஸ்எஸ்எச் கிளையன்ட் தானாகவே லாங், எல்சி என்று தொடங்கும் வேரியபிள்களை எதிர்முனைக்கு அனுப்பும்; அங்கிருக்கிற எஸ்எஸ்எச் சர்வரும் அவற்றை வாங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் இயல்பாகவே அப்படித்தான் வருகிறது. நாம் கேட்காமலே லேப்டாப்பின் மொழி சர்வருக்குள் நுழைந்துவிடுகிறது. நண்பரின் மேக்கிலிருந்து அமெரிக்க ஆங்கிலம் போனதும் அதே வழியில். ஆனால் எங்கள் சர்வரில் அமெரிக்க ஆங்கில லொகேல் உருவாக்கப்படவே இல்லை. அப்படி இல்லாத லொகேலைக் கேட்டால் சார்ட்டும் காமும் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் சி லொகேலுக்கு இறங்கிவிடும். எனவே நண்பரும் கிரானும் ஒரு கட்சி, நான் தனிக்கட்சி. கிரானுக்குக் கிடைத்த லாங், டெபியன் வகையறாக்களில் எட்சி அடைவுக்குள் டிஃபால்ட் என்கிற அடைவில் இருக்கும் லொகேல் கோப்பிலிருந்து வருவது. என் லேப்டாப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

லொகேல் மாறினால் என்ன ஆகும்? தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சி லொகேலில் ஒப்பீடு யூனிகோடு எண் வரிசைப்படி நடக்கும். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நாம் பள்ளியில் படித்த வரிசையில் இல்லை. ந பக்கத்திலேயே ன இருக்கும், ர பக்கத்திலேயே ற, ச எழுத்துக்கு அடுத்து ஜ, அப்புறம் ல, ள, ழ, வ. அதனால் அந்த லொகேலில் அடுக்கினால் மனம், மறதி, மலர், மழை என்று வரும். தமிழ் லொகேலில் அடுக்கினால் நம் நெடுங்கணக்குப்படி மலர், மழை, மறதி, மனம். புள்ளி வேறு இருக்கிறது: யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் வருவதால், சி லொகேலில் பகல் முன்னாலும் பக்கம் பின்னாலும் போய்விடும், எந்த அகராதியும் அப்படி அடுக்காது.

காம் கட்டளையிடம் இப்படி ஒரு கோப்பு ஒரு வரிசையிலும் இன்னொன்று வேறு வரிசையிலும் கொடுத்தால், அது மனத்தைத் தேடி மழைவரை போய்விட்டு, காணோம், இது புதுச்சொல் என்று சொல்லிவிடும். அம்மா புதுச்சொல் ஆனது அப்படித்தான்.

இது எங்கள் மாதிரி சின்ன ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. 2018இல், லினக்ஸ் நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தின் 2.28 பதிப்பு வெளியானபோது வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்களின் போஸ்ட்கிரெஸ் தரவுதளங்களில் பழைய வரிசைப்படி கட்டிய இன்டெக்ஸ்கள் கெட்டுப்போய், இருக்கிற வரியையே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தன. எங்களுக்கு நடந்தது அதே கதை, கையடக்கப் பதிப்பு.

கட்டுச்சோறு

காரணம் தெரிந்துவிட்டது, இனி ராத்திரியையும் பகல் மாதிரி ஆக்கிவிட்டால் போதும் என்று நினைத்து, பாஷ்ஆர்சி கோப்பில், லொகேலை மொத்தமாக நிர்ணயிக்கும் எல்சி ஆல் வேரியபிளைத் தமிழாக எக்ஸ்போர்ட் செய்தேன். தற்காலிகக் கிரான் வேலையை மறுபடி ஓட்டினேன். மாற்றமே இல்லை. பாஷ்ஆர்சி என்பது நாம் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற ஷெல்லுக்கானது. கிரான் நம் வேலையை ஷெல்லிடம் கொடுத்து ஓட்டும்போது அது அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை, அந்த ஷெல்லும் உபுண்டுவில் பாஷ் இல்லை, டாஷ். சரி, ஸ்கிரிப்டுக்குள் நானே பாஷ்ஆர்சியைச் சோர்ஸ் செய்துவிடுகிறேன் (அதன் வரிகளை இதே ஷெல்லுக்குள் ஓட வைப்பது) என்று அதையும் செய்து பார்த்தேன். அதற்கும் அசையவில்லை, ஏனென்றால் உபுண்டு கொடுக்கிற பாஷ்ஆர்சியின் மேல்பகுதியிலேயே, இது ஊடாடும் ஷெல் இல்லை என்றால் இங்கேயே திரும்பிப் போ என்று ஒரு சோதனை இருக்கிறது. நான் எழுதியது கோப்பின் கடைசி வரியில். அங்கே அது போய்ச் சேரவே இல்லை.

அப்புறம் எக்ஸ்போர்ட் வரிகளை மட்டும் தனிக்கோப்பாக எழுதினேன். அவசரத்தில் அதைச் சோர்ஸ் செய்யாமல் சாதாரண ஸ்கிரிப்ட் மாதிரி ஓட்டிவிட்டேன். அது ஓடியது, வேரியபிளை வைத்தது, முடிந்தது, வைத்த வேரியபிளும் அதோடு செத்தது.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இத்தனை தப்பும் ஒரே ஒரு தப்பான படத்திலிருந்து வந்தவை. என்விரான்மென்ட் என்றால் எங்கோ சுவரில் மாட்டியிருக்கிற அறிவிப்புப் பலகை, அதில் ஒருவர் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள் என்று மனதுக்குள் ஒரு படம் இருக்கிறது. அது அப்படி இல்லை. அது கட்டுச்சோறு. ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இன்னொரு பிராசஸை உருவாக்கும்போது, ஃபோர்க் (தன்னையே பிரதி எடுப்பது) நடந்து எக்ஸெக் (அந்தப் பிரதியில் புது நிரலை ஏற்றுவது) நடக்கும் அந்த நொடியில், தன்னிடம் இருப்பதில் எக்ஸ்போர்ட் செய்தவற்றை ஒரு பிரதி எடுத்துப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறது. அதோடு தாய்க்கும் பிள்ளைக்கும் தொடர்பு முடிந்தது. வீட்டில் அப்புறம் உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஊருக்குப் போனவனின் பொட்டலத்தில் ருசி மாறாது. அவன் வழியில் ஊறுகாய் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் அது வீட்டுப் பானைக்கும் வராது. சொல்லிக்கொடுத்த வார்த்தையும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்று கேட்பார்கள். பிராசஸ் உலகத்தில் விடை: அது உயிரோடு இருக்கிறவரைக்கும், மாறாமல்.

ஷெல்லில் நாம் சும்மா வைக்கிற வேரியபிள் பொட்டலத்தில் ஏறாது, எக்ஸ்போர்ட் செய்தால்தான் ஏறும். கட்டளைக்கு முன்னாலேயே வேரியபிளை எழுதினால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் பொட்டலம் கட்டப்படும். அதிலும் நான் வழுக்கினேன்: வரியின் தொடக்கத்தில் எல்சி ஆல் எழுதிவிட்டு, சார்ட், பைப், காம் என்று தொடர்ந்தேன். (பைப் என்பது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் குழாய்.) வேரியபிள் சார்ட்டுக்கு மட்டும் போனது. பைப்புக்கு அந்தப் பக்கம் இருந்த காம் பழைய லொகேலிலேயே ஓடியது.

இந்தக் குழப்பம் யூனிக்ஸ் அளவுக்குப் பழையது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். பிடிபி-7 கணினியில் யூனிக்ஸுக்கு ஃபோர்க் வந்தபோது, அதுவரை ஒழுங்காக வேலை செய்த அடைவு மாற்றும் கட்டளை திடீரென்று பயனற்றுப் போனதாம். ஏனென்றால் அது இப்போது ஒரு பிள்ளைப் பிராசஸாக ஓடி, தன் அடைவை மட்டும் மாற்றிக்கொண்டு செத்துப்போனது. தாய் ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. டென்னிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார். அதனால்தான் இன்றைக்கும் சிடி என்பது ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கிற கட்டளை. நாம் இன்று பயன்படுத்துகிற என்விரான்மென்ட் ஏற்பாடு 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடும் போர்ன் ஷெல்லோடும் வந்தது, அதிலும் விதி அதேதான்.

திங்கள் இரவு ஒரு முடிவுக்கு வந்தேன். ராத்திரியைப் பகலாக்குவது தப்பான யோசனை. இரண்டு இயந்திரக் கோப்புகளை ஒப்பிடுவதற்குத் தமிழ் வரிசை எதற்கு? வரிசை எதுவாக இருந்தாலும் சரி, எப்போதும் ஒன்றாக இருந்தால் போதும். ஸ்கிரிப்டின் மேலேயே எல்சி ஆல் வேரியபிளை சி என்று எக்ஸ்போர்ட் செய்தேன். லாங், வரிசையை மட்டும் குறிக்கும் எல்சி கொலேட் இரண்டையும் எல்சி ஆல் வென்றுவிடும் என்பதால் லேப்டாப்பிலிருந்து என்ன வந்தாலும் கவலை இல்லை. மூலப் பட்டியலையும் அதே லொகேலில் ஒரு முறை அடுக்கிவைத்தேன். பாஷ்ஆர்சியில் எழுதியதை எல்லாம் அழித்தேன். சோதித்துப் பார்க்க ராத்திரிவரை காத்திருக்கத் தேவையில்லை. என்வ் கட்டளைக்கு ஐ என்கிற தேர்வு உண்டு, காலிப் பொட்டலத்தோடு ஒரு கட்டளையை ஓட்டும். அப்படி ஓட்டினேன். 38.

ஒலிக்காத எச்சரிக்கை மணி

ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஸ்கிரிப்டில் ஒரு தடுப்பு வைத்திருந்தேன்: புதுச்சொற்கள் 500ஐத் தாண்டினால் எதையும் எழுதாமல் நின்றுவிட வேண்டும். 61 ஆயிரம் எப்படித் தாண்டிப் போனது?

காம் கொடுக்கும் வெளியீட்டை ஒரு பைப்பில் விட்டு, மறுமுனையில் ஒரு வைல் வளையம், ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் கோப்பில் எழுதி, எண்ணிக்கை வேரியபிளில் ஒன்று கூட்டும். வளையம் முடிந்ததும் எண்ணிக்கை 500ஐ விடப் பெரிதா என்று சோதனை, பெரிது என்றால் கோப்பை அழித்துவிட்டு வெளியேறும். படித்துப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. எண்ணிக்கையை அச்சிட்டுப் பார்த்தேன், பூஜ்யம். 38 சொல் வந்த நாளிலும் பூஜ்யம். அந்த மணி ஒரு நாளும் ஒலித்திருக்கவே முடியாது.

பாஷில் பைப்பின் ஒவ்வொரு துண்டும் தனித்தனி சப்ஷெல்லில், அதாவது தனிப் பிராசஸில் ஓடும். வளையம் ஒரு பிள்ளைக்குள் ஓடி, 61 ஆயிரம் என்று ஒழுங்காக எண்ணி, அந்த எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டே செத்துவிட்டது. வெளியே இருந்த தாயின் எண்ணிக்கை தொட்டுப் பார்க்கப்படாமல் பூஜ்யமாகவே நின்றது. மறுபடியும் அதே கட்டுச்சோறு, இந்த முறை எதிர்த்திசையில்.

எழுதியபோது சோதிக்கவில்லையா என்றால், சோதித்தேன். என் லேப்டாப்பில், ப்ராம்ப்ட்டிலேயே அந்த வரிகளை ஒட்டி. லேப்டாப்பில் நான் வைத்திருப்பது ஜெட்ஷெல். ஜெட்ஷெல்லும் கார்ன் ஷெல்லும் பைப்பின் கடைசித் துண்டைத் தாய் ஷெல்லுக்குள்ளேயே ஓட்டும், அதனால் அங்கே எண்ணிக்கை சரியாக வந்தது. பாஷிலும் 4.2 பதிப்பிலிருந்து லாஸ்ட்பைப் என்று ஒரு தேர்வு இருக்கிறது, ஸ்கிரிப்டுக்குள் அதைத் தட்டிவிட்டால் அதே மாதிரி நடக்கும். நான் அந்த வழியில் போகவில்லை. வளையத்தையே தூக்கிவிட்டு, காமின் வெளியீட்டை நேராக ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, டபிள்யூசி கட்டளையால் வரிகளை எண்ணி, 500க்குள் இருந்தால் மட்டும் பெயர் மாற்றி இடத்தில் வைக்கிறேன். எண்ணுவதற்கு ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கும்போது வளையம் எழுதியது கொழுப்பு.

அந்தப் பைப் இன்னொரு காரியமும் செய்திருந்தது. வரிசை தப்பாக இருப்பதைக் காம் கண்டுபிடித்தால் முதல் கோப்பு வரிசையில் இல்லை என்று பிழைச் செய்தி எழுதி, தோல்விக் குறியோடு முடியும். அதாவது அது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது! செய்தி போனது மின்னஞ்சல் இல்லாத கிரானுக்கு. தோல்விக் குறி போனது பைப்புக்குள், பைப்பில் கடைசிக் கட்டளையின் குறியைத்தான் ஷெல் கணக்கில் எடுக்கும், கடைசியில் இருந்த வளையமோ வெற்றி. பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் தேர்வை இப்போது போட்டுவைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும்

செவ்வாய், புதன், வியாழன் மூன்று ராத்திரியும் ஒழுங்காக ஓடியது. வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களில் அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், ஒரு சொல்லையும் டிக் அடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. வியாழன் மாலை வந்து 25 சொற்களை அனுமதித்தார். வெள்ளி காலை புதுச்சொல் கோப்பே இல்லை, பதிவில் காமின் பிழைச் செய்தியும் 500ஐத் தாண்டியதால் நிறுத்தப்பட்டது என்கிற வரியும். மணி முதல் தடவையாக ஒலித்திருக்கிறது, அந்தக் கோபத்திலும் அது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

மூலப் பட்டியலைத் திறந்தால் மலர், மழை, மறதி, மனம். மறுபடி தமிழ் வரிசை. யார் அடுக்கியது? பாஷ்ஆர்சியில் ஒன்றும் இல்லை, எட்சியில் இருக்கிற லொகேல் கோப்பு சி.யுடிஎஃப்-8 என்கிறது, இரவு ஸ்கிரிப்டில் மேலேயே சி. லேப்டாப்பிலிருந்து மொழியை அனுப்புவதையும் செவ்வாயன்றே நிறுத்தியிருந்தேன், புதிதாக லாகின் செய்தால் தமிழ் வரவில்லை. ஆனால் டிமக்ஸுக்குள் போய்ப் புது ஜன்னல் திறந்தால் தமிழ் இருக்கிறது! அரை மணி நேரம் எந்தக் கோப்பு இதை வைக்கிறது என்று எட்சி முழுக்க கிரெப் கட்டளையால் தேடிக்கொண்டிருந்தேன்.

கேள்வியே தப்பு. எந்தக் கோப்பு என்று கேட்கக் கூடாது, யார் பெற்ற பிள்ளை என்று கேட்க வேண்டும். டிமக்ஸ் ஜன்னல்களைப் பெறுவது நாம் இப்போது லாகின் செய்த ஷெல் இல்லை. பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற டிமக்ஸ் சர்வர். அது ஞாயிற்றுக்கிழமை மாலை என் தமிழ் லாகினிலிருந்து பிறந்தது, அன்றைக்குக் கட்டிய பொட்டலத்தைத்தான் ஒவ்வொரு புது ஜன்னலுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. மறுபடி இணையும்போது டிமக்ஸ் சில வேரியபிள்களைப் புதுப்பிக்கும், எஸ்எஸ்எச் இணைப்பு, டிஸ்பிளே மாதிரி. அந்த இயல்புப் பட்டியலில் லாங் இல்லை. காவல்கார ஸ்கிரிப்ட் அதே டிமக்ஸின் பிள்ளை. நான் வெளியே எத்தனை கோப்பைத் திருத்தினாலும் அது ஞாயிற்றுக்கிழமைச் சோற்றையே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிஎஸ் கட்டளையில் தாய் எண்ணைப் பார்த்துப் பார்த்து மேலே ஏறினால் இந்த வம்சாவளி முழுசாகத் தெரிகிறது, இரண்டு நிமிட வேலை.

லினக்ஸில் இதை நேரிலேயே பார்க்கலாம். பிராக் அடைவுக்குள் அந்தப் பிராசஸின் எண்ணில் ஒரு அடைவு, அதற்குள் என்விரான் என்று ஒரு கோப்பு. வேரியபிள்களுக்கு நடுவே வரி முறிவுக்குப் பதில் பூஜ்ய பைட் இருக்கும், டிஆர் கட்டளையால் மாற்றிக்கொண்டால் படிக்க வரும். காவல்காரனின் கோப்பில் லாங் தமிழாக உட்கார்ந்திருந்தது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: அந்தக் கோப்பு காட்டுவது பிராசஸ் பிறந்தபோது கொடுத்த பொட்டலத்தை, இப்போதைய நிலையை இல்லை. செவ்வாய்க்கிழமையே ஒரு ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அதே ஷெல்லின் என்விரான் கோப்பைப் பார்த்தேன், வேரியபிள் இல்லை, எக்ஸ்போர்ட் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன். அந்த ஷெல்லிலிருந்து ஒரு பிள்ளையை ஓட்டி, பிள்ளையின் கோப்பைப் பார்த்திருந்தால் அங்கே இருந்திருக்கும்.

டிமக்ஸ் சர்வரை மொத்தமாக நிறுத்தினேன். காவல்காரனை, இயங்குதளமே பின்னணியில் ஓட்டுகிற சிஸ்டம்டி சேவையாக மாற்றி, அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் கோப்பிலேயே எல்சி ஆல் என்ன என்று எழுதிவிட்டேன். நாளைக்கு வேறு யாராவது கையால் ஓட்டுவார்கள் என்று ஸ்கிரிப்டின் மேலேயும் அதே வரி. இரண்டு இடத்தில் ஒரே விஷயம் இருப்பது அழகில்லை என்று நண்பர் சொன்னார். இருக்கட்டும்.

தமிழ் லொகேல் இப்போது ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: எல்லா ஒப்பீடும் முடிந்த பிறகு, அக்காவுக்குப் போகிற கோப்பை எழுதும் கடைசி சார்ட் கட்டளைக்கு முன்னால், அந்தக் கட்டளைக்கு மட்டும். இத்தனை வருடமும் கிரானின் வரிசையில் போன பட்டியலைத்தான் அவர் பார்த்துவந்திருக்கிறார், ன பக்கத்தில் ந, ர பக்கத்தில் ற என்று. கம்ப்யூட்டர் அப்படித்தான் அடுக்கும்போல என்று நினைத்து ஒன்றும் சொல்லாமல் இருந்தாராம்.

சனிக்கிழமை காலை செய்தி வந்தது. "தம்பி, இன்னைக்கு 27 சொல்தான். அம்மா இல்லை. எழுத்தெல்லாம் நெடுங்கணக்குப்படி வந்திருக்கே, நீயா அடுக்கினே?"